பன்னிரண்டு நிமிடம் ஏழு விநாடி

அத்தியாயம் 9

சனிக்கிழமை போட்ட கையெழுத்து ஞாயிற்றுக்கிழமை காலை ரோஷெலின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டு நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கிறதல்லவா? பர்மிங்ஹாமில் வருடா வருடம் நடக்கும் ஸ்டெப் போட்டி. கல்லூரிச் சங்கத்துப் பெண்கள் அணி கட்டி மேடையேறி, காலால் தரையை உதைத்து, கையால் தொடையிலும் நெஞ்சிலும் அறைந்து, உடம்பையே மேளமாக்கி ஆடித் தீர்த்தார்கள். லாம்டா சங்கத்து அணிக்குத் தலைவி ரோஷெலின் ஒரே மகள் நைலா. அந்த ஆட்டத்துக்கு அரங்கமே எழுந்து நின்றது. கோப்பை நம் வீட்டுக்குத்தான் என்று ரோஷெல் அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

பிறகு தலைமை நடுவர் மைக்கைப் பிடித்தார். லாம்டா அணி ஆடிய நேரம் பன்னிரண்டு நிமிடம் ஏழு விநாடி. அனுமதித்தது பன்னிரண்டு. ஏழு விநாடி அதிகம் என்பதால் ஐந்து மதிப்பெண் கழிக்கப்படுகிறது. அவ்வளவுதான், இரண்டே இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் கோப்பை மியூ சங்கத்துக்குப் போய்விட்டது.

அந்தத் தலைமை நடுவர் வேறு யாரும் இல்லை. ரோஷெலின் கூடப் பிறந்த அக்கா லவர்ன். லவர்ன் எந்தச் சங்கம் என்று கேட்டால் வயிற்றெரிச்சல்தான். மியூ.

ஒரு வீட்டில் எப்படி இரண்டு சங்கம் என்று கேட்காத ஆளே இல்லை. கல்லூரியில் ஒருமுறை சேர்ந்தால் ஆயுசுக்கும் அதே சங்கம்தான். லவர்ன் படிக்கும்போது மியூவில் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்துத் தங்கையும் அங்கேதான் வருவாள் என்று எல்லோரும் காத்திருந்தபோது, ரோஷெல் நேராகப் போய் லாம்டாவில் சேர்ந்துவிட்டாள். அக்கா போட்டுக் கழித்த சட்டையைப் போட்டே வளர்ந்தவள் நான், சங்கமாவது புதுசாக இருக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் குடும்பம் கூடும் வான்கோழி விருந்தில் இவள் ஆரஞ்சு நிறத்தில் வருவாள், அவள் பச்சைநீலத்தில் வருவாள், இருவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே சாப்பிடுவார்கள். முப்பது வருடமாக அது விளையாட்டாகத்தான் இருந்தது.

நேற்று போட்ட கையெழுத்து விளையாட்டில்லை. பத்து விநாடிக்குள் என்றால் தலைமை நடுவர் நினைத்தால் மன்னித்துவிடலாம் என்று விதியில் இருக்கிறது. லவர்ன் மன்னிக்கவில்லை. மியூ என்பதால்தான் மன்னிக்கவில்லை, ஆகவே அவளை இனி எந்தப் போட்டிக்கும் நடுவராகக் கூப்பிடக் கூடாது என்று லாம்டாவின் மூத்த உறுப்பினர்கள் அரங்க வாசலிலேயே புகார் எழுதினார்கள். நாற்பத்தொரு கையெழுத்து. மூன்றாவது ரோஷெலுடையது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு விசாரணை.

காலையில் சர்ச்சில் அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். லவர்ன் இரண்டு வரிசை முன்னால், தொப்பியைக் கொஞ்சம்கூடச் சாய்க்காமல் முதுகை நேராக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருப்பவர்களோடு கைகுலுக்கச் சொல்லும் நேரம் வந்தது. எல்லோருக்கும் இரண்டு கையும் கொடுத்தவள் ரோஷெலுக்கு மட்டும் இரண்டு விரலை நீட்டினாள். புகாரின் நகல் அவள் கைக்கும் போய்விட்டது என்று அந்த இரண்டு விரலிலேயே தெரிந்துவிட்டது.

போகட்டும், நானா தப்புச் செய்தேன் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ரோஷெல் வீட்டுக்கு வந்தாள். கோழித் துண்டுகளை மாவில் புரட்டி எண்ணெயில் போட்டாள். கீரை ஒரு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் புருஷன் கர்ட்டிஸ் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று தானே எடுத்த வீடியோவை ஐந்தாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கர்ட்டிஸ் ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவன். எந்தச் சங்கத்திலும் இல்லாதவன். இரண்டு நிறத்துக்கும் நடுவில் சாம்பல் நிறச் சட்டை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டே காலம் தள்ளியவன்.

ஃபோனிலிருந்து ஒரு குலவைச் சத்தம் வந்தது. நாக்கைச் சுழற்றி, அடிவயிற்றிலிருந்து மேலே மேலே ஏறிப் போகிற சத்தம். லாம்டாக்காரிகளின் சங்கக் குலவை அது.

"இதென்னடி, தீயணைப்பு வண்டி மாதிரி. மைக்கே இல்லாம இத்தனை சத்தமா?" என்று கர்ட்டிஸ் சிரித்தான்.

ரோஷெலுக்கும் சிரிப்பு வந்தது. அது அவள் குரல்தான். வழக்கமாக லாம்டா ஆட்டம் தொடங்குவதே அந்தக் குலவையில்தான். விளக்கை அணைப்பார்கள், திரை மூடியிருக்கும், உள்ளேயிருந்து பெண்கள் குலவை இடுவார்கள், அப்புறம்தான் திரையைத் தூக்குவார்கள். நேற்று விளக்கு அணைந்தது. குலவை வரவில்லை. ஐந்து விநாடி, ஆறு விநாடி, ஒரு சத்தமும் இல்லை. பெண்ணுக்குக் கை கால் விறைத்துவிட்டதோ என்று ரோஷெல் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டாள். அடுத்த கணம் வாய் தானாகத் திறந்துகொண்டது. தபால் நிலையத்தில் கவுண்ட்டருக்குள் இருந்தபடி வரிசையின் கடைசி ஆள்வரை கேட்கிற மாதிரிப் பேசுகிற வாய் அது. அவள் குலவையிட்டதும் அரங்கம் முழுக்க உட்கார்ந்திருந்த லாம்டாக்காரிகள் எல்லோரும் பதில் குலவை கொடுத்தார்கள். சத்தம் அடங்கிய பிறகு, திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு காலடி. டொம். நைலா இந்த வருடம் தொடக்கத்தை மாற்றியிருந்தாள் என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றாள் ரோஷெல், கோழியைத் திருப்பிவிட்டு, தன் குரலைத் தானே ரசிக்கிற ஆசையில்.

போட்டான். அவள் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஃபோன் திரையெல்லாம் இருட்டு. கீழே, முதல் வரிசைக்கு முன்னால் நடுவர் மேசை. நேரக் கணக்கர் முன்னால் இருக்கும் பெரிய கடிகாரமும் இருட்டாகத்தான் இருந்தது. குலவை எழுந்தது. பளிச்சென்று கடிகாரத்தில் சிவப்பு எண்கள் எரிந்தன. ஒன்று. இரண்டு. மூன்று.

ரோஷெலின் சிரிப்பு உறைந்துவிட்டது. மறுபடியும் போடச் சொன்னாள். மறுபடியும். குலவை வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நைலாவின் முதல் காலடி விழும்போது கடிகாரம் காட்டியது பதினாறு விநாடி.

இதற்கு ஒரு கணக்கு வாத்தியார் தேவையில்லை. பன்னிரண்டு நிமிடம் ஏழு விநாடியில் பதினாறு போனால் பதினொன்று ஐம்பத்தொன்று. பிள்ளைகள் நேரத்துக்குள்தான் ஆடி முடித்திருக்கிறார்கள். கோப்பையைக் கெடுத்தது மியூவும் இல்லை, அக்காவும் இல்லை. பெற்ற தாயின் வாய்.

"அடப்பாவி மனுஷா, இதை நேத்தே காட்டியிருக்கக் கூடாதா?"

"நேத்து நீ யாரு பேச்சையாவது கேக்கற நிலைமையிலயா இருந்த?" என்றான் கர்ட்டிஸ். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கோழி கருகிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அவன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் கூடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. நைலா மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அணியின் மற்றப் பதினொரு பெண்களும் குளிர்பான இயந்திரத்தின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நேற்றே நைலா அவர்களிடம், எண்ணிக்கையைத் தப்பவிட்டது நான்தான் என்று பழியை ஏற்றுக்கொண்டுவிட்டாள். இன்று விசாரணை முடிந்ததும் ஓட்டுப் போட்டு அவளைத் தலைமையிலிருந்து இறக்குவதாகப் பேச்சு.

ரோஷெல் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். கடிகாரம், குலவை, பதினாறு விநாடி. நைலா ஆச்சரியப்படவே இல்லை. ஃபோனைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல கடையில நான் தொலஞ்சு போனா அந்தக் குலவையை விட்டுத்தானே என்னைத் தேடுவ. திரைக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். சத்தம் அடங்கட்டும்னு காலைத் தூக்கி வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். பயிற்சியில எப்பவும் பதினொண்ணு அம்பத்தொண்ணு. பெரியம்மா பன்னண்டு ஏழுன்னு சொன்னப்பவே மிச்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு புரிஞ்சுபோச்சு."

இருபத்தொரு வயதுப் பெண், ஒரு ராத்திரியும் அரைப் பகலும் இதை உள்ளே வைத்துக்கொண்டு, தோழிகளின் ஏச்சை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெற்றவள் என்னவென்றால் காரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே போனாள்.

"அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கல?"

"ஒன்பதாவது விதி இருக்கே. வெளியாள் யாராவது சத்தமோ சைகையோ கொடுத்து உதவினா அணியையே நீக்கலாம். இப்ப கையில ரெண்டாவது இடமாவது இருக்கு. அதை வச்சு அடுத்த சுத்துக்கு அட்லாண்டா போயிடலாம். நீ உள்ள போய்ச் சொன்னா அதுவும் போயிடும்." நைலா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பேசாம இரும்மா. உன் கால்ல வேணா விழறேன்."

"பெரியம்மா?"

பெரியம்மா தாங்கிக்கொள்வாள் என்றாள் நைலா. சொன்னவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

ஒரு பக்கம் இருபது வருடம் நடுவராக இருந்து ஒரு பழிச்சொல் கேட்காத அக்கா. இன்னொரு பக்கம் நான்கு வருடமாக முழங்கால் வீங்க வீங்கப் பயிற்சி செய்து அட்லாண்டாவுக்குப் போகக் காத்திருக்கும் மகள். வாயைத் திறந்தால் மகள் போவாள். மூடினால் அக்கா போவாள். வாழ்க்கையில் முதல் முறையாக, பேசுவதா வேண்டாமா என்று ரோஷெல் யோசித்தாள்.

குறுக்கு வழி ஒன்று முயன்று பார்த்தாள். லாம்டா மூத்தோர் கிளையின் தலைவி ட்ரூசில்லா அம்மையார் கோப்பும் கையுமாக வந்தபோது, என் கையெழுத்தை மட்டும் அடித்துவிடுங்கள் என்று கேட்டாள். காரணம் சொல்லவில்லை. ட்ரூசில்லா அவள் தோளில் கை வைத்து, லாம்டாக்காரிகள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற மாதிரி சோரர் என்று கூப்பிட்டாள்.

"நாப்பது பேரு கையெழுத்து ஒரு பக்கம், உன்னோடது ஒரு பக்கம், சோரர். கூடப் பொறந்தவளே சொல்றாங்கிறதுதானே இந்தக் கடுதாசிக்கு உசுரு. அதை எடுத்துட்டா என்ன இருக்கு?"

இதைக் கேட்டதும்தான் ரோஷெலுக்குத் தான் செய்துவைத்திருப்பதன் அளவு தெரிந்தது. நாற்பது பேர் கல்லெறிந்திருக்கிறார்கள். காயம் பட்டது இவள் எறிந்ததில்தான்.

விசாரணை அறை சின்னது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் டீன் ஹோலிஸ் அம்மையார். ஓரத்தில் நேரக் கணக்கர் பர்னெல், நாற்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியக் குழுவை நடத்தி ஓய்வு பெற்றவர். எதிர்ச் சுவரோரம் மியூ அணித் தலைவி ஷெரிஸ், கோப்பையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். லவர்ன் ஜன்னல் பக்கம் தனி நாற்காலியில். சர்ச்சுக்கு வந்த அதே உடை, அதே நேரான முதுகு. தங்கை உள்ளே வந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ட்ரூசில்லா புகாரைப் படித்தாள். நன்றாகவே எழுதியிருந்தார்கள். பக்கச்சார்பு, பகை, சங்க வெறி என்று ஒவ்வொரு சொல்லும் மணியாக விழுந்தது. கடைசியில், தலைமை நடுவரின் சொந்தத் தங்கையே இதில் கையெழுத்திட்டிருக்கிறார் என்ற வரி வந்தது. லவர்ன் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான் செய்தாள். அதை மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் ரோஷெல் ஒருவேளை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள்.

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அதே நேரத்தில் நைலாவும் எழுந்துவிட்டாள். தப்பு என்னுடையதுதான் மேடம், எண்ணிக்கையில் பிசகிவிட்டேன் என்று படபடவென்று சொல்லத் தொடங்கினாள். அம்மாவை முந்திக்கொள்கிற அவசரம் அது. அவளுடைய அணிப் பெண்களே திகைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

"உக்காருடி" என்றாள் ரோஷெல். தபால் நிலையக் குரல். நைலா உட்கார்ந்துவிட்டாள். டீன் அம்மையாருக்கே ஒரு கணம் முதுகு நிமிர்ந்தது.

"அந்தப் புகார்ல மூணாவது கையெழுத்து என்னோடது. அது பொய்க் கையெழுத்து. எங்கக்கா ஒரு தப்பும் பண்ணல. என் பொண்ணும் பண்ணல. கடிகாரத்தை ஓட விட்டது நான்."

பிறகு ஃபோனை மேசையில் வைத்தாள். மூன்று பேரும் தலையை ஒன்றாகக் குவித்து வீடியோவைப் பார்த்தார்கள். அந்தச் சின்ன அறையில் குலவை எழுந்தபோது, ஜன்னல் கண்ணாடி ஒரு முறை நடுங்கியது. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோஷெலுக்குக் காது சிவந்தது.

உங்கள் மகள் உங்களைச் சத்தமிடச் சொன்னாரா என்று டீன் கேட்டார். நல்லவேளை, இதற்கு உண்மையே போதுமாக இருந்தது. சத்தமே போடக் கூடாது என்று நேற்று வரும்போது காரிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள், நான்தான் மீறினேன் என்றாள் ரோஷெல். டீன் ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் அந்த ஒன்பதாவது விதியை எடுத்து மெல்ல வாசித்தார். நைலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது ஓரத்தில் பர்னெல் தொண்டையைக் கனைத்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது அவருக்கு.

"முதல் தப்பு என்னோடது மேடம். நாப்பது வருஷமா லாம்டா ஆட்டம் திரைக்குள்ள குலவையோடதான் தொடங்குது. நேத்தும் காதுல குலவை விழுந்துச்சு, விரல் அழுத்திடுச்சு. உள்ளேருந்து வந்துச்சா, பின்னாலேருந்து வந்துச்சான்னு திரும்பிப் பாக்கல. இந்த ஊர்ல யாரு என் இடத்துல இருந்திருந்தாலும் அழுத்தியிருப்பாங்க. ஆனா உக்காந்திருந்தது நான்." அவர் ரோஷெலைப் பார்த்தார். "அப்புறம் அந்த விதியில உதவினான்னு எழுதியிருக்கு. மிஸ் ரோஷெல் பண்ணினதுக்குப் பேரு உதவியா? பதினாறு விநாடியும் அஞ்சு மார்க்கும் போச்சு. அப்படிப்பட்ட உதவி எனக்கு வேண்டவே வேண்டாம் சாமி."

டீன் ஹோலிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் சிரித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு அவிழ்ந்துகொண்டது. ரோஷெல் உட்காரப் பார்த்தாள், நாற்காலி கீழே கிடந்ததால் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

முடிவு சொல்லப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் காலடியிலிருந்து கணக்கெடுத்தால் பதினொன்று ஐம்பத்தொன்று. கழித்த ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்பதாவது விதி பொருந்தாது. மூன்று மதிப்பெண் முன்னிலையில் லாம்டாவுக்கு முதலிடம். மியூவும் இரண்டாவதாக அட்லாண்டா போகலாம். புகாரை என்ன செய்யலாம் என்று டீன் ட்ரூசில்லாவைப் பார்த்தார். அந்த அம்மாள் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு, பையை டக்கென்று மூடிவிட்டாள்.

ஷெரிஸ் எழுந்து வந்தாள். கோப்பையைக் கொடுக்க மனசில்லாமல்தான் கொடுத்தாள், அதை மறைக்கவும் இல்லை. நைலாவின் கையில் அதை வைத்துவிட்டு, "அட்லாண்டாவுக்கு உங்கம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டு வா, என்ன?" என்றாள். நைலாவின் அணிப் பெண்கள் பதினொரு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த கையோடு ஒவ்வொருத்தியாக வந்து நைலாவைக் கட்டிக்கொண்டார்கள். ஓட்டுப் போடுகிற பேச்சு காற்றோடு போய்விட்டது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து நைலா தலையை நீட்டி அம்மாவைத் தேடினாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "வாயாடி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ரோஷெலுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்ததில்லை.

லவர்னைக் காணவில்லை.

ரோஷெல் வாசலுக்கு ஓடினாள். கார் நிறுத்துமிடத்தில், தன் காரின் கதவைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு லவர்ன் நின்றிருந்தாள். வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள். தங்கை மூச்சிரைக்க வந்து நின்றதும் விசிறுவதை நிறுத்தினாள்.

"மூணாவதா போட்டிருந்த" என்றாள்.

"கோபத்துல போட்டுட்டேன்கா."

"கோபம் சரி. மூணாவதா போடற அளவுக்கு என்னடி அவசரம்? ஒரு முப்பதாவதா போட்டிருந்தாக்கூட, யாரோ இழுத்துட்டுப் போய்ப் போட வச்சாங்கன்னு மனசைத் தேத்தியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் ரோஷெல். ஐம்பத்திரண்டு வயதில் அக்காவிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இன்று கேட்டாள். தப்புப் பண்ணிட்டேன்கா, மன்னிச்சுடு என்று, சுற்றி வளைக்காமல், ஒரு சாக்கும் சொல்லாமல் கேட்டாள்.

லவர்ன் தொப்பியைக் காரின் மேல் வைத்தாள்.

"அந்தப் புகாரை முழுப் பொய்னும் சொல்ல முடியாதுடி" என்றாள். "நேத்து அந்த ஏழு விநாடி வேற எந்த அணிக்காவது வந்திருந்தா நான் மன்னிச்சு விட்டிருப்பேன். நைலாங்கிறதால விடல. தங்கச்சி பொண்ணுக்குச் சலுகை காட்டிட்டான்னு ஒருத்தர் வாயில விழுந்துடக் கூடாதுன்னு பயந்தேன். அதுவும் ஒரு சாய்வுதானே? படுத்தா தூக்கம் வரல எனக்கு."

அக்கா என்பவள் நிமிர்ந்த முதுகோடு பிறந்தவள், அவளுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்றே ரோஷெலுக்கு இத்தனை வருடம் தோன்றியதில்லை. அவள் பக்கத்தில் போய்க் காரில் சாய்ந்து நின்றுகொண்டாள். இரண்டு பேருடைய தோளும் உரசிக்கொண்டன. லவர்ன் நகரவில்லை.

அட்லாண்டா போட்டிக்கும் தலைமை நடுவராக வரச் சொல்லி டீன் இப்போதுதான் கேட்டார் என்றாள் லவர்ன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவள் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"சரின்னு சொல்லுக்கா" என்றாள் ரோஷெல்.

"நீயா சொல்ற? நைலா மறுபடியும் என் முன்னாடிதான் ஆடணும். தோத்தாலும் தோப்பா."

"தோக்கட்டும்."

"என் மேல மறுபடியும் கையெழுத்துப் போடுவியா?"

"செத்தாலும் மாட்டேன்கா."

லவர்ன் கழுத்தைத் திருப்பித் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். "விளக்கை அணைச்சு, திரை தூக்கறதுக்கு முன்னாடி, வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பியா?"

இருப்பேன் என்று சொல்ல ரோஷெல் வாயைத் திறந்தாள். இருட்டும், மூடிய திரையும், அதற்குப் பின்னால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் மகளும் கண்முன் வந்தார்கள். இன்று ஒரு நாளாவது அக்காவிடம் பொய் சொல்லக் கூடாது என்றிருந்தது.

"அதுக்கு மட்டும் என்னால வாக்குக் குடுக்க முடியாதுக்கா" என்றாள்.

லவர்னுக்குச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரிப்பு வந்தது. காரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு, யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சுற்றி வந்து மறுபக்கத்துக் கதவைத் தங்கைக்காகத் திறந்துவிட்டாள்.